முந்நூறு பிள்ளைகளுக்கு வலப்பக்கம் இதயம்

ஆத்தப்பன் சாருக்கு நடந்த பாராட்டு விழா மலரில் பதினோராம் பக்கம் என்னுடையது. 'அறிவியல் ஆசான் ஆத்தப்பன், ஒரு வாழ்க்கைக் குறிப்பு, எழுதியவர் ரிஃபானா, நான்காம் வகுப்பு ஆசிரியை' என்று போட்டிருக்கிறார்கள். தாளாளர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். அதில் 'மாணவர் நெஞ்சங்களில் அறிவியலைப் பதித்தவர்' என்று ஒரு வரி வரும். விழாவில் அந்த வரியை மைக்கில் இரண்டு தடவை வாசித்தார்கள், இரண்டு தடவையும் கை தட்டினார்கள். அந்த வரி பொய் இல்லை. நெஞ்சில் எந்தப் பக்கம் பதித்தார் என்பதை மட்டும் நான் எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

ஊத்துக்குளிப் பக்கம் எருமை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். இன்றைக்கும் மாதம் ஒருமுறை தாளாளர் வீட்டுக்கு ஒரு தூக்குப்போசி நிறைய வெண்ணெய் போகும். எங்கள் பள்ளியில் பதவி உயர்வு எதன் மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்தப் போசியைத் திறந்து பார்க்கலாம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு அறிவியல் துறைத் தலைவர். அந்தத் துறையில் அவரைத் தவிர இன்னும் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவரும் பாதி நாள் விளையாட்டு வாத்தியார் வேலை பார்க்கிறவர்.

கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். இவர் சர்க்கரை போடாத டீயை வாங்கி, அதில் ஆறு க்ரீம் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு, 'சுகர் கண்ட்ரோல்ல இருக்குதுங்க' என்று சொல்கிற சாதாரண மனிதர். கணையம் என்ன செய்கிறது என்பதை இவர்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

சொல்லிக் கொடுக்கிறார் என்றால் நோட்ஸ் கொடுக்கிறார். அந்த நோட்ஸ் இருபத்திரண்டு வருடமாக ஒன்றுதான். பாடப்புத்தகம் இதற்குள் எத்தனையோ முறை மாறிவிட்டது, நோட்ஸ் மாறவில்லை. 'கல்லீரல் உடலின் மிகப்பெரிய சுரப்பி ஆகும். இது பித்தநீரைச் சுரக்கிறது.' இதை மூன்று முறை எழுத வேண்டும். பித்தநீர் என்றால் என்ன சார் என்று ஒரு பிள்ளை கேட்டால், கல்லீரல் சுரப்பது என்பார். கல்லீரல் எதைச் சுரக்கிறது என்றால் பித்தநீர். இப்படியே அந்தப் பிள்ளை கல்லீரலுக்கும் பித்தநீருக்கும் நடுவே டவுன் பஸ் மாதிரி போய்ப் போய் வந்து, கடைசியில் கேட்பதை விட்டுவிடும். விட்டுவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆய்வகத்தில் மனித உடல் மாதிரி ஒன்று இருக்கிறது. இதயம், நுரையீரல், இரைப்பை எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். தூசி படும் என்று அதை பாலிதீன் கவரில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். சாவி அவரிடம். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் அது வெளியே வரும். நான் பார்த்தது இரண்டு தடவை. அதில் ஒரு சிறுநீரகம் இல்லை. எங்கே போனது என்று கேட்டேன். 'ஒண்ணு இருந்தாப் போதுமுங்க' என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் என் வகுப்பில் ஜாவித் என்று ஒருவன் படித்தான். அவன் அத்தா கறிக்கடை வைத்திருப்பவர். கல்லீரல் பாடம் நடக்கும் நாளில் அவன் டிபன் பாக்ஸில் ஒரு முழு ஆட்டு ஈரலைக் கழுவி எடுத்து வந்திருந்தான். கூடவே பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்த பித்தப்பையையும் அறுக்காமல் கொண்டுவந்திருந்தான். அதுவரை இருபது வருடமாக எந்தப் பிள்ளைக்கும் தெரியாமல் இருந்த பித்தநீர் அந்த டப்பாவுக்குள் இருந்தது.

"ஏங்கண்ணு, இது பள்ளிக்கூடமா, கறிக்கடையா?" என்றார் ஆத்தப்பன் சார்.

ஜாவித் டப்பாவோடு அந்தப் பீரியட் முழுக்க வராந்தாவில் நின்றான். உள்ளே மற்றவர்கள் கல்லீரல் உடலின் மிகப்பெரிய சுரப்பி ஆகும் என்று மூன்று முறை எழுதினார்கள்.

இந்த வருடம் ஜனவரியில் எங்கள் பள்ளியில் அறிவியல் திருவிழா. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முந்நூறு பேர் உள்ளுறுப்புகள் அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்று, ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டி அதன் வேலையைச் சொல்ல வேண்டும். யோசனை தாளாளருடையது. திருப்பூரில் எதற்கும் டி-ஷர்ட்தான் யோசனை. சுதந்திர தினத்துக்கு, மரம் நடுவதற்கு, யாராவது இறந்துபோனால் முதலாண்டு நினைவுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு ரவுண்டு நெக். பேரன் எங்கள் பள்ளியில் படிக்கிற பனியன் கம்பெனி முதலாளி பசீர் அகமது, முந்நூறு பீஸும் தானே தருவதாகச் சொல்லிவிட்டார்.

கம்பெனியிலிருந்து ஆர்டர்களைக் கவனிக்கிற பூங்குழலி என்கிற மெர்ச்சண்டைசர் பெண் லேப்டாப்போடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அச்சடிக்க வேண்டிய படத்தைத் திரையில் காட்டினாள். நல்ல படம். நுரையீரல் இரண்டு, நடுவில் தொடங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்த இதயம், கல்லீரல், இரைப்பை, சிறுநீரகம், குடல். ஆத்தப்பன் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அம்மிணி, இதயம் எந்தப் பக்கமுங்க இருக்கும்?"

"லெஃப்ட் சைடு சார்."

"இங்க எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?"

"லெஃப்ட்தானுங்க சார். போட்டுப் பாத்தா லெஃப்ட்ல வந்துரும்."

அவர் திரையில் விரலை வைத்தார். "என்ர கண்ணுக்கு வலது பக்கம்தானுங்க தெரியுது. நாலாங்கிளாஸ் பசங்களுக்குத் தெரிஞ்சதுகூட உங்க கம்பெனிக்குத் தெரியலைங்களே. திருப்பிப் போடுங்க."

பூங்குழலி ஒரு விநாடி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய தொழிலில் சரக்கு வாங்குகிற பையர் சொன்னால் சொன்னதுதான், யானைக்கு நாலு கை என்றாலும் நாலு கை. ஒரு பட்டனைத் தட்டினாள். படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டது. இதயம் திரையின் இடது பக்கம் வந்துவிட்டது. கல்லீரல் வலது பக்கம் போய்விட்டது. நோட்ஸில் உள்ளபடியே எல்லாம் இருப்பதைப் பார்த்து ஆத்தப்பன் சார் குளிர்ந்துபோனார். பூங்குழலி ஒரு தாளை நீட்டி அவரிடம் அப்ரூவல் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். புத்திசாலிப் பெண்.

நானும் அங்கேதான் இருந்தேன். பி.எஸ்சி., பி.எட். படித்த எனக்கும் அப்போது உறைக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் ஆத்தப்பன் சாரைத் திட்டும் தகுதி எனக்கு இல்லாமல் போகும்.

உறைத்தது மூக்கம்மாளுக்கு. பசீர் அகமது கம்பெனியில் பதினோரு வருடமாக செக்கிங் வேலை பார்க்கிறவர். தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது, பிரிண்ட் கோணியது எல்லாம் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குவது அவர் வேலை. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். புருஷன் வீரணன் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளாண்டில் ஆபரேட்டர். ஒரே மகள் வேல்விழி, என் வகுப்பு, நான்காம் வகுப்பு பி பிரிவு. அரசாங்க ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி.யிலேயே இலவச சீட்டு கிடைத்துச் சேர்ந்தவள்.

இந்த வேல்விழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீரகம் என்ன செய்கிறது என்று ஆத்தப்பன் சார் ஒருநாள் கேட்டபோது அவள் எழுந்து, "எங்கப்பா வேலை பாக்குற பிளாண்ட் மாதிரி சார். அழுக்குத் தண்ணிய வடிகட்டி நல்ல தண்ணிய உள்ள விட்டுட்டுக் கசடை வெளிய தள்ளிரும். அங்கயும் ரெண்டு மோட்டார் இருக்கு. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும்" என்றாள். இந்த ஊரில் சிறுநீரகத்தைப் பற்றி இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆத்தப்பன் சார், "நோட்ஸ்ல அப்படி இல்லைங்களே" என்று உட்கார வைத்தார்.

மூக்கம்மாள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு லாட்டில் நெஞ்சு லோகோ பக்கம் மாறிப்போய், நாலாயிரம் பீஸ் திரும்பி வந்ததாம். செக்கிங் பெண்களை நிற்க வைத்துத் திட்டினார்களாம். அன்றிலிருந்து பிரிண்ட் உள்ள எந்தப் பீஸாக இருந்தாலும் முதல் பீஸைத் தன் நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்காமல் கீழே வைப்பதில்லை என்று பழக்கப்படுத்திக்கொண்டார். பனியன் தொழிலில் இடது என்றால் போட்டிருக்கிறவருக்கு இடது. பார்க்கிறவருக்கு இடது இல்லை. இது செக்கிங் மேசையில் உட்கார்ந்த முதல் நாளே தெரிந்துவிடும். எம்.ஃபில். தேவையில்லை.

எங்கள் டி-ஷர்ட்டையும் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறார். இதயம் வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னார். அப்ரூவல் அப்படித்தான், பேக் பண்ணு என்றார் அவர். மகள் போடப்போகிற சட்டை என்பதால் மூக்கம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு பீஸோடு எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீக. இந்தப் படம் பக்கம் மாறி இருக்கு" என்றார்.

ஆத்தப்பன் சார் நாற்காலியில் சாய்ந்தார். "எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாப்பு சார்."

"நான் எம்.எஸ்சி., எம்.எட்., எம்.ஃபில்.லுங்க."

"சரிங்க சார். அதெல்லாம் நான் குறை சொல்லல. இதை ஒருவாட்டி மேல வச்சுப் பாருங்க. ஒடனே தெரிஞ்சிரும்."

அவர் வாங்கவில்லை. மூக்கம்மாள் சட்டையைத் தன் புடவை மேலேயே விரித்துத் தோளோடு பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு இதயம் இங்கன இருக்கு" என்று இடது பக்கம் கை வைத்தார். அங்கே வெறும் நுரையீரல்தான் இருந்தது. "சட்டையில அங்கிட்டு இருக்கு." அப்போதுதான் எனக்கும் பளிச்சென்று விளங்கியது. விளங்கிய மறுகணமே நான் தலையைக் குனிந்து கணக்கு நோட்டுத் திருத்த ஆரம்பித்தேன்.

ஆத்தப்பன் சாருக்கும் விளங்கியது. அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். கையெழுத்து அவருடையது. முந்நூறு சட்டையும் அச்சாகிவிட்டது. தாளாளருக்குத் தெரிந்தால் வெண்ணெயெல்லாம் வீணாகிவிடும். மரியாதையில் ஓர் எழுத்துகூடக் குறையாமல் ஒருவரை மிதிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

"நல்லதுங்கம்மா. உங்க பொண்ணு ஃப்ரீ சீட்டுத்தானுங்களே? படிக்கிற புள்ளை, அது பாட்டுக்குப் படிக்கட்டுமுங்க. நீங்க இப்படி வேலைய விட்டுட்டு வந்து போனீங்கன்னா நாங்களும் டி.சி., அது இதுன்னு யோசிக்க வேண்டி வந்துருமுங்க."

ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளையை இப்படியெல்லாம் அனுப்ப முடியாது. சட்டம் அவருக்குத் தெரியும். மூக்கம்மாளுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பிள்ளை என்கிற சலுகையில் என் மகன் அஹ்ஸன் அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறான். ஒவ்வொரு மே மாதமும் என் வேலையைப் புதுப்பிப்பது தாளாளர். காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஒத்திகையில் ஆத்தப்பன் சார் புதுச் சட்டம் போட்டார். உறுப்பைச் சொல்லும்போது எல்லாரும் சட்டையில் உள்ள படத்தைத்தான் தொட வேண்டும், உடம்பைத் தொடக் கூடாது. மனிதர் தப்பைத் திருத்தவில்லை, முந்நூறு உடம்புகளைத் திருத்திவிட்டார். இரண்டு வாரம் தினமும் காலையில் மைதானத்தில் இது நடந்தது. "நான் இதயம். ஓய்வே இல்லாமல் ரத்தத்தை உடல் முழுவதும் அனுப்புகிறேன்" என்று முந்நூறு பிள்ளைகளும் வலது நெஞ்சைப் பொத்திக்கொண்டு சொன்னார்கள். "நான் கல்லீரல்" என்று இடது விலாவைத் தொட்டார்கள். பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடும். ஒரு வாரத்துக்குப் பிறகு, சட்டை போடாமல் யூனிஃபார்மில் நின்றபோதும் கை தானாக வலது பக்கம்தான் போனது.

வேல்விழியின் கை மட்டும் போகவில்லை. முதல் நாள் தெரியாமல் செய்கிறாள் என்று ஆத்தப்பன் சார் நினைத்தார். மூன்றாம் நாள் வரிசையிலிருந்து வெளியே இழுத்து, அவள் கையைப் பிடித்து வலது பக்கம் வைத்தார். அவர் விட்டதும் கை இடது பக்கம் வந்துவிட்டது. அதில் திமிர் எதுவும் இல்லை. அவள் கையை இதயம் இருக்கிற இடத்தில் வைத்தாள், அவ்வளவுதான்.

"விழாவுல கை மாறிச்சுன்னா திங்கக்கெழமை உங்கம்மா வந்து டி.சி. வாங்கிக்கலாமுங்க கண்ணு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் அதே மரியாதை 'ங்க'.

அன்று மதியம் வேல்விழி என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"சார் சொல்றதைச் செய்" என்றேன்.

அவள் போய்விட்டாள். என் பணிக்காலத்தில் நான் ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதில்களிலேயே கேவலமானது அதுதான்.

விழா நாளில் பந்தல் நிறையக் கூட்டம். பெற்றோரில் பாதிப் பேர் பனியன் தொழிலில் இருக்கிறவர்கள். கட்டிங் மாஸ்டர்கள், டெய்லர்கள், பிரிண்டிங் பட்டறைக்காரர்கள். முன்வரிசையில் தாளாளர், பசீர் அகமது, சிறப்பு விருந்தினராக ஏதோ ஒரு சங்கத்தின் துணைத் தலைவர். பிள்ளைகள் உடை மாற்றும் இடத்துக்கு மூக்கம்மாள் வந்திருந்தார். மகளுக்குச் சட்டையை மாட்டிவிட்டு, ஒருமுறை தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அருகில் போன பிறகுதான் கவனித்தேன். வேல்விழி சட்டையை முன்பக்கம் பின்னாலாகப் போட்டிருந்தாள்.

முன்னால் வெறும் வெள்ளை. படம் முழுக்க முதுகில். கழுத்து வெட்டு மாறியதால் துணி அவள் தொண்டையை அழுத்திக்கொண்டிருந்தது. ஏன் இப்படி என்று கேட்க வாயெடுத்தவள் அவள் முதுகைப் பார்த்து நின்றுவிட்டேன். திருப்பி அச்சடித்த படத்தை முதுகில் போட்டால் பார்க்கிறவர் இடதும் போட்டவர் இடதும் ஒன்றாகிவிடுகிறது. இதயம் சரியாக அவளுடைய இடது பக்கம் இருந்தது. கல்லீரல் வலது பக்கம். முதுகு வழியாகப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. எம்.ஃபில்.லும் கம்பெனியும் தாளாளரும் சேர்ந்து கெடுத்த ஒரு சட்டையை, அஞ்சாப்பு படித்த ஒரு பெண் நூலைக்கூடப் பிரிக்காமல் சரி செய்திருந்தார்.

"கழுத்து வலிக்குதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் மிஸ். அம்மா பொறுத்துக்கோன்னுச்சு."

மைதானத்தில் பாட்டு நின்றது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கைகள் வலது நெஞ்சுக்குப் போயின. ஒரு கை இடது நெஞ்சுக்குப் போனது. "நான் இதயம்" என்று எல்லாரும் கத்தினார்கள். பெற்றோர்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள்.

இந்த ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இதுதான். லோகோ அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனால் கண்டெய்னரையே திருப்பி அனுப்புவார்கள், அந்த அரை சென்டிமீட்டருக்காக ராத்திரி பகலாக உட்கார்ந்து அளப்பார்கள். அப்படிப்பட்ட கண்கள் முந்நூறு ஜோடி அந்தப் பந்தலில் இருந்தன. தங்கள் சொந்தப் பிள்ளைகளின் இதயம் ஒரு சாண் தள்ளிப்போனதை ஒருவரும் பார்க்கவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்த ஒரு பெண்ணை மட்டும் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்தார்கள்.

ஒருவரும் பார்க்கவில்லை என்பது சரியில்லை. பசீர் அகமது பார்த்தார். நாற்பது வருடத் தொழில்காரர். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தவர், தன் நெஞ்சில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தார். விழா முடிந்து பந்தியில் பிரியாணி பரிமாறும்போது நான் அவரிடம், "பாய், பிரிண்ட் பக்கம் மாறிப் போயிருந்துச்சே, கவனிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேம்மா. எக்ஸ்போர்ட்டா என்ன, லோக்கல் பீஸ்தானே" என்றார்.

திங்கட்கிழமை மூக்கம்மாளை மகளோடு ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார்கள். ஆத்தப்பன் சார் ஒரு கடிதம் டைப் செய்து வைத்திருந்தார். 'என் மகள் விழாவின் ஒழுங்கைக் குலைத்ததற்கும் தவறான செய்கைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக் காலை பிரேயரில் வேல்விழி எல்லார் முன்னாலும் சரியாகத் தொட்டுச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார். இல்லையென்றால் டி.சி.

மூக்கம்மாள் கடிதத்தை எழுத்துக் கூட்டி முழுதாக வாசித்தார். பீஸைப் பார்க்கிற மாதிரியே மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"இதயம் எங்கனடி இருக்கு?"

வேல்விழி இடது பக்கம் கையை வைத்தாள். கழுத்தில் சட்டை அறுத்த சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை.

மூக்கம்மாள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்தார். கடிதத்தில் 'தவறான' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில், அம்பின் முனை ஆத்தப்பன் சாரின் பெயரைப் பார்த்தபடி இருக்க, ஓரம் தூக்காமல் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"டி.சி. குடுங்க சார்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. தப்புப் பீஸை ஒதுக்குகிற வேலையைச் செய்தார்.

வேல்விழி இப்போது அவர்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். ஆத்தப்பன் சார் அறிவியல் திருவிழாவுக்காக நல்லாசிரியர் கேடயம் வாங்கினார், அதற்குத்தான் அந்தப் பாராட்டு விழா. கேடயத்தைக் கொடுத்தவர் அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக வந்த அதே துணைத் தலைவர். எனக்கு மலரில் பதினோராம் பக்கம் கிடைத்தது.

டி.சி. கொடுத்த அன்றைக்குக் கடைசிப் பீரியடில் நான் என் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். முப்பத்தேழு பேர். இரண்டு சுற்று ஓடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்து நின்றார்கள். "இப்போ நெஞ்சுல எங்க துடிக்குதோ அங்க கையை வைங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், இதயம் என்றுகூடச் சொல்லவில்லை. ஒருவர் விடாமல் எல்லார் கையும் வலது பக்கம் போனது.

முன்வரிசையில் ரித்தீஷ் நின்றான். நன்றாகப் படிக்கிற பையன், ஆத்தப்பன் சார் நோட்ஸை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பவன்.

"துடிக்குதா ரித்தீஷ்?"

"துடிக்குது மிஸ்" என்றான். கை வலது பக்கம் கல்லாக இருந்தது.

நான் அவன் கையை எடுத்து இடது பக்கம் வைத்தேன். அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஓடிவந்த வேகத்தில் அங்கே தட்டிக்கொண்டிருந்தது என் விரலுக்கே தெரிந்தது. அவன் கண் பெரிதானது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மிஸ், இங்க என்னமோ அடிக்குதுங்க" என்றான் மெல்ல. "டாக்டர்கிட்ட போகோணுங்களா?"